கராஜ் வாசல்: விழுந்தால் தனியாகத் தூக்க முடியுமா?

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில் திறந்த பிறகு, எனக்கு வரும் கடிதங்களில் சேறு, மணல், காட்டுப் பாதைகளில் ஓடுவதற்கென்று செய்த ட்ரெயில் பைக்கைப் பற்றிய கேள்விகள் கூடிவிட்டன. ஐந்து வருடமாக மனதுக்குள் வைத்திருந்த ஆசை எல்லாம் ஒரேயடியாக வெளியே வருகிறது போல. மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில் கராஜ் வைத்திருக்கும் எனக்கும் இந்த வண்டிகள் மேல் தனிப் பிரியம் உண்டு. ஆகவே இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நான் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்கிறேன். தினமும் பட்டிருப்புப் பாலம் கடந்து வெல்லாவெளி போய், அங்கிருந்து வட்டைப் (வயல்வெளிப்) பாதைகளில் தாந்தாமலைப் பக்கம் வரை ஓட வேண்டும். உயரம் 5 அடி 4 அங்குலம், நிறை 58 கிலோ. இப்போதுள்ள 100 சீசீ பைக் மாரியில் சேற்றில் நின்றுவிடுகிறது. நண்பர்கள் ஹொண்டா சீஆர்எஃப் 300எல் எடு என்கிறார்கள். அப்பா ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போதும் என்கிறார். கடன் எடுத்துத்தான் வாங்க வேண்டும். எதை வாங்கலாம்?
— விவசாயப் போதனாசிரியர், களுவாஞ்சிகுடி

தம்பி, முதலில் உங்கள் பழைய பைக் மேல் விழுந்த பழியைக் கொஞ்சம் நீக்கிவிடுகிறேன். சக்தி போதாமல்தான் அது சேற்றில் நிற்கிறது என்று நினைக்கிறீர்கள். அந்தப் பக்கத்துக் களி எனக்குத் தெரியும். சாதாரண பைக்கில் முன் மட்காட் டயரை ஒட்டினாற்போல இருக்கும். இருபது மீற்றர் போவதற்குள் அந்த இடைவெளியில் களி அடைந்து, முன் சில்லு சுற்ற முடியாமல் இறுகிவிடும். அதன்பின் 100 சீசீ என்ன, 400 சீசீ என்ன, பின் சில்லு நின்ற இடத்தில் குழி தோண்டும். ட்ரெயில் பைக்கில் முன் மட்காட்டை டயருக்கு ஒரு சாண் மேலே தூக்கி வைத்திருப்பது இதற்காகத்தான். உங்களுக்குக் கிடைக்கப்போகும் பயனில் பாதி அந்த ஒரு சாணில் இருக்கிறது.

சரி, எது என்ற கேள்விக்கு வருவோம். நீங்கள் எழுதாத ஒன்றை நானாக எடுத்துக்கொள்கிறேன்: வட்டைக்குள் தனியாகத்தான் போகிறீர்கள். அது உண்மையானால், குதிரைவலுவையும் சீசீயையும் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

2011 ஜனவரிப் பெருவெள்ளம் வடிந்த கிழமை, உன்னிச்சைக்குக் கீழே ஒரு வாடியில் லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஸ்டார்ட் ஆகவில்லை என்று கூப்பிட்டார்கள். அப்போது என்னிடம் உயரமான 250 ஒன்று இருந்தது. வேலையை முடித்துத் திரும்பும்போது பின்னேரம் ஆறு மணி. வாய்க்கால் கட்டில் ஓரிடத்தை வெள்ளம் அடியில் அரித்திருந்தது, மேலே புல் மூடியிருந்தது. நிறுத்துவதற்கு வலது காலை ஊன்றினேன். காலுக்குக் கீழே நிலம் இல்லை. பைக் என் மேல் சாய்ந்தது, சூட்டுச் சைலன்சர் கெண்டைக்காலில். காலை இழுத்து எடுத்துவிட்டேன், ஆனால் பைக்கைத் தூக்க முடியவில்லை. களியில் சப்பாத்து வழுக்க வழுக்க மூன்று தடவை முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்தேன், மூன்று தடவையும் கைவிட்டேன். காபரேட்டரிலிருந்து பெற்றோல் சொட்டுச் சொட்டாக வழிந்துகொண்டிருந்தது. இருட்டினால் யானை இறங்கும் இடம் அது. மாட்டுப் பட்டியைச் சாய்த்துக்கொண்டு வந்த ஒரு பெரியவரும் அவருடைய பேரனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்ததால் வீடு வந்து சேர்ந்தேன். தழும்பு இன்னும் காலில் இருக்கிறது.

அன்றிலிருந்து பைக் வாங்க யோசனை கேட்டு வருகிற எல்லோரிடமும் ஒன்றைத்தான் முதலில் சொல்கிறேன். அதே மாதிரி பைக் வைத்திருக்கும் ஒருவரைப் பிடித்து, வைக்கோல் பரப்பிய இடத்தில் மெதுவாகப் படுக்க வைத்து, தனியாகத் தூக்கிப் பாருங்கள். அதற்கு ஒரு முறை உண்டு. வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் ஸ்டாண்டை விரித்து வையுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் போய்விடும். உருளாமல் இருக்க முதலாம் கியரில் போடுங்கள். ஹான்டிலை நிலத்துப் பக்கமாக முழுவதும் திருப்புங்கள். பிறகு பைக்குக்கு முதுகைக் காட்டி, சீற்றின் விளிம்பில் இடுப்பைச் சாய்த்து, ஒரு கை ஹான்டிலிலும் மறு கை பின்பிடியிலுமாக, பின்னோக்கிச் சிறு அடி வைத்து எழும்புங்கள். பாரம் காலில் விழ வேண்டும், முதுகில் விழக்கூடாது. இரண்டாம் தடவையும் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். வட்டைக்குள் ஒரு தடவையோடு விழுந்து முடிவதில்லை.

இப்போது உங்கள் இரண்டு பைக்குகள். சீஆர்எஃப் 300எல் ஏறத்தாழ 142 கிலோ, சீற்றின் உயரம் 880 மில்லிமீற்றர். எக்ஸ்பல்ஸ் 200 4வி ஏறத்தாழ 158 கிலோ, சீற் 825 மில்லிமீற்றர். பாரம் குறைவு என்பதில் ஹொண்டாவே மேல். ஷொக்கிலும் அப்படித்தான். ஹொண்டாவின் முன்னும் பின்னும் 260 மில்லிமீற்றர் ஏறி இறங்கும், எக்ஸ்பல்ஸில் முன்னே 190, பின்னே 170. உண்மையைச் சொன்னால் காட்டுப் பாதைக்கு ஹொண்டா நல்ல இயந்திரம். 5 அடி 9 அங்குலமுள்ள ஒருவர், கையில் காசுடன் வந்து கேட்டிருந்தால் யோசிக்காமல் அதைச் சொல்லியிருப்பேன்.

ஆனால் உங்கள் உயரத்துக்கு 880 என்றால் ஒரு பக்கத்துப் பெருவிரல் நுனிதான் நிலத்தில் படும். ஷொக் அமுங்கும்தானே என்று கேட்பீர்கள். 58 கிலோவுக்கு அது அதிகம் அமுங்காது. தார் வீதியில் விரல் நுனி போதும். உழவு இயந்திரம் போன தடத்தில், பைக் நிற்கும் இடத்தைவிடக் கால் வைக்கும் இடம் நாலு விரல் பதிவாக இருந்தால், நான் போன வழியில்தான் நீங்களும் போவீர்கள். இன்னொன்று, ஹொண்டாவின் டாங்க் 7.8 லீற்றர், எக்ஸ்பல்ஸுடையது 13 லீற்றர். படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்கே, பெற்றோல் செட் அடுத்தடுத்து இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அதோடு கடன். கடன் பைக் ஒரு நாள் நின்றாலும் தவணை நிற்காது. கிளட்ச் கேபிளும் பிரேக் பேடும் எடுக்கும் தூரத்தில் இருக்கிற பைக்கைத்தான் வேலைக்குப் போகிறவர் வாங்க வேண்டும். வாங்குவதற்கு முன் களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் சாமான் கடைகளில் ஏறி, இரண்டு பைக்குக்கும் கிளட்ச் பிளேட், செயின் செற், எயர் ஃபில்டர் மூன்றையும் விசாரியுங்கள். “எடுத்துத் தரலாம்” என்பதும் “இருக்கு” என்பதும் வேறு வேறு பதில்கள்.

அப்பா சொன்னதை எடுங்கள், தம்பி. எடுத்தவுடன் மூன்று வேலை செய்யுங்கள். முதலாவது, பின் ஷொக்கை உங்கள் நிறைக்குச் செப்பம் செய்வது. பைக்கை இருவர் தூக்கிப் பிடிக்க, பின் அச்சிலிருந்து நேர் மேலே உள்ள ஒரு புள்ளிக்கு நாடாவால் அளந்து குறியுங்கள். பிறகு நீங்கள் வேலைக்குப் போகும் பையோடும் சப்பாத்தோடும் ஏறி இருந்து அதே அளவை எடுங்கள். வித்தியாசம் ஐந்து, ஐந்தரை சென்ரிமீற்றர் அளவில் இருக்க வேண்டும். அதைவிடக் குறைவாக இருந்தால் ஸ்ப்ரிங்கைத் தளர்த்துங்கள். கால் நிலத்துக்கு இன்னும் கிட்ட வரும். காசு செலவில்லாத இந்த வேலையைச் செய்தவர்கள் மிகக் குறைவு, எனக்கு அது மனவருத்தம்.

இரண்டாவது, டயர். முன்னே 21 அங்குலம், பின்னே 18 அங்குலம் என்பது காட்டு ஓட்டத்துக்கான உலக அளவு, கட்டை டயர் (கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர்) தேர்ந்தெடுக்க வசதி. ஆனால் முழுக் கட்டை டயரோடு மாரி மழையில் களுவாஞ்சிகுடிப் பிரதான வீதியில் பிரேக் பிடிப்பது ஆபத்து. உங்கள் ஓட்டத்தில் பாதி தார் என்பதால் நடுத்தரக் கட்டை போதும். மூன்றாவது, 21 அங்குல ரியூப் ஒன்று, டயர் கழற்றும் லீவர் இரண்டு, கைப்பம்பு. இடுக்கண் நேரத்தில் முன் ரியூபைப் பின் டயருக்குள்ளும் மடித்துப் போட்டு வீடு வரலாம். பின் ரியூபை முன்னுக்குப் போட முடியாது.

எனக்கு வயது 19. கேரிஎம் 300 ஈஎக்ஸ்சியில் மலையேறும் வீடியோக்களைப் பார்த்துப் பைத்தியமாகிவிட்டேன். எண்டியூரோ பைக் என்றால் உண்மையில் என்ன? அதை இங்கே வாங்கி ஓட்ட முடியாதா?
— மாணவர், கல்முனை

மகன், உங்கள் வயதில் எனக்கும் அந்தச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. எண்டியூரோ என்பது தாக்குப்பிடிக்கும் ஓட்டம். 1913இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் ஆறு நாள் சோதனை ஓட்டமாகத் தொடங்கியது. வேகத்தைவிட, ஆறு நாளும் மனிதனும் இயந்திரமும் நிற்காமல் வந்து சேர்வதுதான் சோதனை. 1981இல்தான் அந்தப் போட்டியின் பெயரில் எண்டியூரோ என்ற சொல் வந்தது. சுற்றுத் தடத்தில் பாய்ந்து பாய்ந்து ஓடும் மோட்டோகுரோஸ் வேறு.

300 ஈஎக்ஸ்சி இரண்டு ஸ்ட்ரோக் போட்டி இயந்திரம். அதன் பராமரிப்பைக் கிலோமீற்றரில் கணக்கிடுவதில்லை, எஞ்சின் ஓடிய மணித்தியாலத்தில் கணக்கிடுவார்கள். ஒயில் இத்தனை மணிக்கு, பிஸ்டன் இத்தனை மணிக்கு என்று. கல்முனையிலிருந்து அம்பாறைக்குத் தினமும் வகுப்புக்குப் போய் வந்தால் அந்த மணிக்கணக்கு எவ்வளவு கெதியாக ஏறும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பதிவுப் புத்தகம் இல்லாத போட்டி வண்டி என்றால் வீதியில் ஏற்றவும் முடியாது. ஆசையை விடச் சொல்லவில்லை. ஒரு பழைய 125 ட்ரெயிலில் இரண்டு மாரி ஓடுங்கள். நின்றுகொண்டு ஓட்டவும், கிளட்ச்சை ஒற்றை விரலால் பிடிக்கவும் கை பழகிவிடும். அதன்பின் எனக்கு எழுதுங்கள்.

நான் குடும்பநல மாது. வாகரையிலிருந்து கட்டுமுறிவுப் பக்கம் உள்ளே போக வேண்டும். ஸ்கூட்டியின் சின்னச் சில்லு மணலில் புதைகிறது. உயரம் 5 அடி 1 அங்குலம். ட்ரெயில் பைக் எடுக்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கேற்ற பைக் இருக்கிறதா?
— குடும்பநல மாது, வாகரை

இருக்கிறது, தங்கச்சி. சிரிப்பவர்களை விடுங்கள். பிள்ளைத்தாச்சி ஒருத்தியைப் பார்க்க மணலுக்குள் இறங்கிப் போகிறவருக்கு அவர்கள் வழிதான் விட வேண்டும்.

புதுசாக வரும் உயரமான 230, 250களை விட்டுவிடுங்கள். கவசாகி கேஎல்எக்ஸ் 230இன் சீற் 885 மில்லிமீற்றர், உங்களுக்கு அது வேண்டாத போராட்டம். நீங்கள் தேட வேண்டியது ஜப்பானிலிருந்து வந்த இரண்டு பழையவை. ஒன்று யமஹா செரோ 225. ஜப்பான் மலைகளில் பாறைக்குப் பாறை ஏறும் ஆட்டினமொன்றின் பெயர் அது, பைக்கும் அப்படித்தான் ஏறும். மெலிந்த உடம்பு, குறைந்த பாரம், காற்றில் குளிரும் எளிய எஞ்சின், 810 மில்லிமீற்றர் சீற். ஆரம்ப காலத்துச் செரோவில் கிக் மட்டும்தான், செல்ஃப் ஸ்டார்ட் உள்ளதாகப் பாருங்கள். மணலில் சாய்ந்து நிற்கும் பைக்கைக் கிக் பண்ணுவது உயரமானவர்களுக்கே கஷ்டம்.

மற்றது யமஹா டிடபிள்யூ 200. சீற் 790 மில்லிமீற்றர்தான். பின் டயர் 180/80-14, பார்த்தால் கார்ச் சில்லு போல இருக்கும், மணலில் மிதந்து போகும். ஓட்ட உங்களுக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் நான் செரோவைத்தான் சொல்வேன், ஏனென்றால் அந்த 14 அங்குல அகலப் பின் டயரை வைத்திருக்கும் கடையை எங்கள் பக்கம் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

உயரத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று ஒருவர் வெல்டிங் மெஷினோடு வந்தால் சம்மதிக்காதீர்கள். சீற்றின் ஸ்பொஞ்சை நடுவிலும் இரு பக்க விளிம்பிலும் இரண்டு விரல் சீவினால் போதும், தையற்காரர் உறையைத் திருப்பித் தைத்துத் தருவார். விளிம்பைச் சீவுவது முக்கியம், கால் நேராகக் கீழே இறங்கும். இரண்டு காலும் ஊன்ற வேண்டும் என்ற பயத்தையும் விடுங்கள். நிறுத்தும்போது இடுப்பை இடது பக்கம் கொஞ்சம் வழுக்கி, ஒற்றைக் காலை முழுப் பாதமாக ஊன்றுங்கள், வலது கால் பிரேக்கில் இருக்கட்டும். வீட்டு முற்றத்தில் ஒரு கிழமை பழகினால் வந்துவிடும். மருந்துப் பெட்டியைப் பின் காரியரில் உயரமாகக் கட்டாதீர்கள். பாரம் மேலே போகப் போக உங்கள் 5 அடி 1 இன்னும் குறையும்.

சுசுகி டிஜெபல் 200 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பார்வைக்கு வடிவாக இருக்கிறது. பழைய ட்ரெயில் பைக்கில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
— அரிசி வியாபாரி, ஓட்டமாவடி

நானா, வடிவைக் கடைசியில் பாருங்கள். முதலில் புத்தகம். புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் செஸி இலக்கத்தையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒருமுறை நான் அவசரப்பட்டு வாங்கிய பைக்கில் எஞ்சின் வேறொன்றினுடையது. விற்றவர் கைவிரித்துவிட்டார். திணைக்களத்துக்கும் பொலிசுக்கும் அலைந்த அலைச்சலில் அந்தப் போக வேலை முழுக்கக் கைவிட்டுப் போனது.

அப்புறம் ஒயில். எஞ்சின் சூடாகாத நேரத்தில், காலையில் போய்ப் பாருங்கள். ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் எங்கோ ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் குடித்திருக்கிறது. தண்ணீர் குடித்த பைக்கை அப்படியே செல்ஃப் அடித்திருந்தால் கொனெக்டிங் ரொட் வளைந்திருக்கலாம், ஏனென்றால் தண்ணீர் அமுங்காது. உங்களுக்கே எப்போதாவது அப்படி நேர்ந்தால் செல்ஃபைத் தொடாமல் பிளக்கைக் கழற்றி, கையாலோ காலாலோ எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிவிட்டு ஒயிலை மாற்றுங்கள்.

முன் சில்லை நிலத்திலிருந்து தூக்கி ஹான்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு இடத்தில் ‘டக்’ என்று பிடித்தால் கழுத்து பெயாரிங் போய்விட்டது. பின் சில்லைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் தெரிந்தால் பின் ஷொக் லிங்க் தேய்ந்திருக்கிறது. இவை இரண்டும் திருத்தக்கூடியவை, விலையில் குறைத்துக் கேளுங்கள். ஃபிரேமில் புதுப் பெயின்ற் ஒரு இடத்தில் மட்டும் இருந்தால் விலை பேச வேண்டாம், எழும்பி வந்துவிடுங்கள். மற்றபடி டிஜெபல் 200 நல்ல மாடு. காற்றில் குளிரும் எஞ்சின், 13 லீற்றர் டாங்க், பராமரித்தால் உங்களுக்குப் பிறகு மகனும் ஓட்டலாம்.

கடற்கரை வாடிகளில் மீன் எடுத்து ஊருக்குள் விற்கிறேன். பாணமை, உகந்தை வரையும் போவேன். கட்டை டயர் போட்டும் பைக் மணலில் வாலாட்டுகிறது. செயினும் மூன்று மாதத்தில் முடிகிறது. பைக்கை மாற்றினால் சரிவருமா?
— மீன் வியாபாரி, பொத்துவில்

மாற்ற வேண்டாம், அண்ணன். காற்றைக் குறையுங்கள். மணலில் இறங்குமுன் முன்னும் பின்னும் 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள், டயர் பரந்து உட்காரும். தாருக்கு ஏறியதும் கைப்பம்பால் திரும்ப அடித்துக்கொள்ளுங்கள். குறைந்த காற்றோடு கிரவலில் வேகமாகப் போனால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ரியூப் நசிந்து வெடிக்கும். மணலில் ஹான்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், இரண்டாம் மூன்றாம் கியரில் ஒரே சீராக அக்சிலேற்றர் கொடுத்துக்கொண்டு தூரத்தைப் பாருங்கள். வால் கொஞ்சம் ஆடும், ஆடட்டும்.

செயினைத் தின்பது மணல் மட்டுமில்லை. உங்கள் மீன் பெட்டியைத்தான் நான் சந்தேகிக்கிறேன். ஐஸ் உருகி மீன் கழுவிய உப்புத் தண்ணீர் பெட்டியின் அடியால் சொட்டுச் சொட்டாக நேரே செயினிலும் பின் ஷொக்கிலும் விழும். பெட்டியின் ஓட்டையில் ஒரு ரியூப் குழாய் சொருகி, நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இறக்கிவிடுங்கள். எவ்வளவு களைத்து வந்தாலும் நல்ல தண்ணீர் இரண்டு வாளி அடித்து, துடைத்து, கியர் ஒயில் கொஞ்சம் செயினின் உள்பக்கமாக விடுங்கள். அன்றைக்கே செய்ய வேண்டும், விடிந்தால் உப்பு பூத்துவிடும்.

இன்னும் ஒன்று. அந்தக் கரைகளில் ஆமை முட்டையிட ஏறும். இரவில் ஈர மணலோரமாகப் பைக் விடாமல், மேலே உள்ள பாதையால் வாருங்கள். குமண தேசியப் பூங்கா வாசலுக்கு அப்பால் மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும், ஆடி மாதத்தில் கதிர்காம யாத்திரைக்காரரிடம் மீன் பெட்டியோடு போய் நிற்க மாட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நாட்களில் பைக்கை என்னிடம் கொண்டுவாருங்கள், பின் லிங்க் முழுவதையும் கழற்றி கிரீஸ் போட்டுத் தருகிறேன்.